அடுப்படி மேடைக்கு எந்தக் கல் போடலாம்?

பளபளப்பு, கலர், விலை... எல்லாம் பார்க்கிறோம். அந்தக் கல்லை அறுக்கிறவரின் நெஞ்சையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்ப்போமா?

பல்லடத்தில் என் அக்கா வீடு கட்டிக்கொண்டிருக்கிறாள். தளம் போட்டாயிற்று, பூச்சு வேலையும் முடிந்தது. அடுத்து சமையலறை மேடைக்குக் கல் எடுக்க வேண்டும். "நீயும் வா கண்ணு. தனியாப் போனா நம்ம தலையில மொளகா அரைச்சுப் போடுவாங்க" என்று என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கோயமுத்தூர் - திருச்சி ரோட்டோரம் ஒரு கல் கடை. வாசலில் வரிசையாகப் பலகைக் கற்களைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கடைக்காரர் நேராக உள்ளே கூட்டிப் போய் ஒரு வெள்ளைக் கல்லைக் காட்டினார்.

"இது குவார்ட்ஸுங்க்கா. இப்ப புது வீடு கட்டற எல்லாரும் இதைத்தானுங்க கேக்கறாங்க. மஞ்சக்கறை புடிக்காது, கீறல் விழுகாது. கல்லு பூராவும் ஒரே கலரா இருக்குமுங்க."

அக்கா தொட்டுப் பார்த்தாள். பாலாடை மாதிரி இருந்தது. "நல்லாத்தான் இருக்குதுங்க..." என்று அவள் இழுத்தபோதே தெரிந்துவிட்டது, மனசுக்குள் மேடை போட்டாகிவிட்டது என்று!

அந்த நேரம் பார்த்துக் கடைக்குப் பின்னாலிருந்து 'கிர்ர்ர்' என்று காதைக் கிழிக்கிற சத்தம். எட்டிப் பார்த்தோம். இருபது வயதுகூட இருக்காது அந்தப் பையனுக்கு. வாயில் ஒரு துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கட்டிங் மெஷினால் கல்லை அறுத்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் வெள்ளைப் புகை மாதிரி தூசி. தலைமுடி, புருவம், இமை எல்லாம் வெளுத்து, ஒரே நாளில் கிழவனாகிவிட்டவன் மாதிரி நின்றான்.

அக்காவின் முகம் மாறிவிட்டது. காரணம் எனக்குத் தெரியும். அவளுடைய மாமனார் முப்பது வருஷம் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். வார லீவு முடிந்து மில்லுக்குப் போகிற அன்றைக்கு நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும் என்பார். ரிட்டையர் ஆன பிறகும் இருமல் போகவில்லை. ராத்திரியில் அவர் இருமுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் அக்கா இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். பஞ்சுத்தூசியால் வருகிற அந்த நோய்க்கு 'பிஸினோசிஸ்' என்று பெயர்.

"பஞ்சுத்தூசியே அந்தப் பாடு படுத்துச்சே... கல்லுத்தூசி என்ன கண்ணு பண்ணும்?" என்று கேட்டாள் அக்கா.

அவள் கேட்ட கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. வீடு கட்டுகிறவர்கள், பழைய அடுப்படியை மாற்றி அமைக்கிறவர்கள், ஏற்கனவே குவார்ட்ஸ் மேடை போட்டுவிட்டுக் கலங்குகிறவர்கள்... எல்லோருக்கும் பயன்படும்.

குவார்ட்ஸ் மேடை என்பது என்ன?

கடையில் 'குவார்ட்ஸ்' என்று விற்கிறார்களே, அது மலையிலிருந்து அப்படியே அறுத்தெடுத்த கல் அல்ல. தொழிற்சாலையில் செய்கிற கல். குவார்ட்ஸ் என்ற கனிமத்தைப் பொடியாக்கி, அதோடு ரெசின் என்கிற பிசினையும் நிறச் சாயத்தையும் கலந்து, அழுத்திச் சூடாக்கிப் பலகையாக வார்க்கிறார்கள். இத்தாலியில் பிறந்த தொழில்நுட்பம் இது. இப்போது நம் நாட்டிலும் தயாராகி, வெளிநாடுகளுக்கும் கப்பலேறுகிறது.

பார்க்க அழகு, கறை பிடிக்காது என்பதெல்லாம் நிஜம்தான். சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. குவார்ட்ஸ் என்பது படிக வடிவிலுள்ள சிலிகா. இந்தச் செயற்கைக் கல்லில் சிலிகா 90 சதவிகிதத்துக்கும் மேல் இருக்கும். சாதாரண கிரானைட்டில் சுமார் 20 முதல் 45 சதவிகிதம். மார்பிளிலோ 5 சதவிகிதத்துக்கும் கீழே! அதாவது, ஒரே அளவு தூசி பறந்தாலும், செயற்கைக் கல்லின் தூசியில் ஏறக்குறைய எல்லாமே சிலிகாதான்.

தூசி உள்ளே போனால்...

நாம் கண்ணால் பார்க்கிற பெரிய தூசி மூக்கிலேயே மாட்டிக்கொள்ளும். தும்மினால், சிந்தினால் வெளியே வந்துவிடும். ஆபத்து கண்ணுக்குத் தெரியாத தூசியில்தான். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அந்தத் துகள்கள் மூச்சோடு போய் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரைக்கும் இறங்கிவிடும்.

அங்கே காவலுக்கு இருக்கிற செல்கள் அந்தத் துகளை விழுங்கப் பார்க்கும். ஆனால், சிலிகா ஜீரணமாகாது. விழுங்கிய செல்தான் செத்துப்போகும். அந்த இடம் புண்ணாகி, ஆறி, தழும்பாகிவிடும். இப்படித் தழும்பு மேல் தழும்பு விழுந்தால், பஞ்சு மாதிரி விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல் காய்ந்த தோல் மாதிரி விறைத்துப்போகும். இதற்குப் பெயர்தான் 'சிலிகோசிஸ்'.

முதலில் வறட்டு இருமல். பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். கடைசியில் உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்கும். வந்த தழும்பை மறைய வைக்க மருந்து கிடையாது. முற்றிப்போனால் நுரையீரலை மாற்றி வைப்பது ஒன்றுதான் வழி. அது எத்தனை குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும், சொல்லுங்கள்!

இந்தத் தூசி நுரையீரல் புற்றுநோயையும் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1997-லேயே அறிவித்துவிட்டது. போதாக்குறைக்கு, சிலிகா தூசி ஏறிய நுரையீரலில் டி.பி. சுலபமாகத் தொற்றிக்கொள்ளும். இருமல், இளைப்பு, எடை குறைவது என்று இரண்டுக்கும் அறிகுறிகள் ஒரே மாதிரி இருப்பதால், சிலிகோசிஸை டி.பி. என்று நினைத்து மருந்து கொடுப்பதும் நடக்கிறது.

அதனால் உங்கள் வீட்டிலோ, தெரிந்தவர்களிலோ கல் அறுக்கிற, கிரஷரில் வேலை செய்கிற யாராவது இருமிக்கொண்டிருந்தால், டாக்டரிடம் போகும்போது "நான் கல் தூசியில் வேலை செய்கிறேன்" என்று முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். பல்லடத்தைச் சுற்றி, காரணம்பேட்டைப் பக்கமெல்லாம் ஜல்லி கிரஷர்கள் நிறைய. இந்த ஒரு வாக்கியம் எத்தனையோ பேருக்குச் சரியான வைத்தியம் கிடைக்க வழி செய்யும்.

ஊர் ஊராகச் சொல்லும் பாடம்

'பழைய காலத்துச் சுரங்கத் தொழிலாளி நோய்தானே இது' என்று உலகம் மறந்துகொண்டிருந்தபோதுதான் சமையல் மேடை வழியாக அது திரும்பி வந்தது.

2012-ல் இஸ்ரேல் நாட்டு டாக்டர்கள் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். நுரையீரல் மாற்று சிகிச்சை கேட்டுத் தங்களிடம் வந்த 25 பேர் சமையல் மேடைக்குச் செயற்கைக் கல் அறுத்தவர்கள், அதுவும் தண்ணீர் விடாமல் உலர்வாக அறுத்தவர்கள் என்று.

2023-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலிருந்து இன்னொரு அறிக்கை. இதே வேலை செய்து நோய் வந்த 52 பேர். அநேகமாக எல்லோரும் பிழைப்புத் தேடி வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஏறக்குறைய பாதிப் பேர் 45 வயதைத் தாண்டாதவர்கள். அறிக்கை வெளிவருவதற்குள் 10 பேர் இறந்துவிட்டார்கள்.

ஆஸ்திரேலியாவில் இளவயதுக் கல் தொழிலாளர்கள் வரிசையாக நோயில் விழ, முதலில் உலர்வாக அறுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்து பார்த்தார்கள். போதவில்லை. 2023 டிசம்பரில் எல்லா மாநில அமைச்சர்களும் கூடி முடிவெடுத்தார்கள். 2024 ஜூலை 1 முதல் மேடைக்கான செயற்கைக் கல்லைச் செய்யவும் விற்கவும் அறுக்கவும் பதிக்கவும் தடை! உலகத்திலேயே இப்படி ஒரு தடையை முதலில் கொண்டுவந்த நாடு அதுதான்.

"அது வெளிநாட்டுக் கதை" என்று நினைக்காதீர்கள். நம் நாட்டிலேயே குஜராத்தின் கோத்ரா பக்கம் குவார்ட்ஸ் கல்லை மாவாக அரைக்கிற ஆலைகள் இருந்தன. பக்கத்து மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர், தார் மாவட்டங்களிலிருந்து பழங்குடி மக்கள் அங்கே கூலி வேலைக்குப் போனார்கள். திரும்பி வந்தவர்கள் இருமி இருமியே செத்தார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. இறந்துபோன 238 பேரின் குடும்பங்களுக்கு ஆளுக்கு 3 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி 2016-ல் உத்தரவு வந்தது. கல் அறுக்கும் தொழிலாளர்கள் அதிகமுள்ள ராஜஸ்தான் மாநிலம், இந்த நோயாளிகளுக்கு உதவ 2019-ல் தனிக் கொள்கையே வகுத்தது.

இத்தனைக்கும் 1948-ம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, டாக்டர்கள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் சிலிகோசிஸ் இடம்பிடித்துவிட்டது. ஆனால், ரோட்டோரக் கடையின் பின்கட்டில், நாள் கூலிக்கு அறுக்கிற பையனிடம் சட்டம் எங்கே போய்ச் சேர்கிறது?

"அய்யோ, எங்க வீட்டுல குவார்ட்ஸ்தானே போட்டிருக்கோம்!"

பதற வேண்டாம். போட்டு முடித்த மேடையிலிருந்து தூசி பறக்காது. சிலிகா பிசினுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. அதன் மேல் காய் நறுக்கலாம், மாவு பிசையலாம், குழந்தை ஏறி உட்காரலாம். ஒன்றும் ஆகாது. ஆபத்தெல்லாம் அறுக்கும்போது, துளை போடும்போது, தேய்க்கும்போதுதான்.

பயந்துபோய் அதைப் பெயர்த்தெடுக்கவும் வேண்டாம். உடைத்தால்தான் தூசி! குழாய்க்கோ அடுப்புக்கோ புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தால் மட்டும், தண்ணீர் விட்டு அறுக்கிற மெஷினோடு வருகிறவரைக் கூப்பிடுங்கள். அந்த நேரம் குழந்தைகள், வயதானவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்தில் வேண்டாம்.

சரி, வேறு என்ன போடலாம்?

கறுப்பு கிரானைட்: நம் ஊருக்கு இதுதான் கைகண்ட கல். விழுப்புரம் பக்கத்துக் குன்னம், கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று நம் மாநிலத்திலேயே கிடைக்கிறது. இன்னொரு நல்ல விஷயம்... கடையில் 'கறுப்பு கிரானைட்' என்று சொன்னாலும், மண்ணியல்காரர்கள் கணக்கில் இது கிரானைட்டே அல்ல. வேறு ஜாதிப் பாறை. இதில் குவார்ட்ஸ் மிகவும் குறைவு. சூடான வடைச்சட்டியை அப்படியே இறக்கி வைக்கலாம். எண்ணெயும் மஞ்சளும் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. ஆனால், சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பு என்று விற்பதும் உண்டு. நெயில் பாலிஷ் ரிமூவரை வெள்ளைத் துணியில் நனைத்து ஓர் ஓரமாகத் தேய்த்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஒட்டினால் வேறு கடை பார்க்கலாம்.

வெளிர் நிற கிரானைட்: 'காஷ்மீர் ஒயிட்' என்பார்கள். பெயர்தான் காஷ்மீர், பிறந்த ஊர் மதுரை மேலூர் பக்கம்! பார்க்க அழகு. ஆனால், இந்த மாதிரிக் கற்கள் தண்ணீரையும் எண்ணெயையும் உறிஞ்சும். கடையிலேயே நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, பத்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். ஈரத்தடம் கறுத்துத் தெரிந்தால், நம் மஞ்சளுக்கும் நல்லெண்ணெய்க்கும் அந்தக் கல் தாங்காது. பிடித்துப்போய் வாங்கியே தீருவேன் என்றால், சீலர் பூச்சு அடித்து அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

கடப்பாக் கல்: ஆந்திராவின் கடப்பா மாவட்டத்துக் கல். விலை குறைவு. நம் அம்மா, பாட்டி காலத்து மேடையெல்லாம் இதுதான். சுண்ணாம்புக்கல் வகை என்பதால் புளி, எலுமிச்சை, தயிர் சிந்தினால் நிறம் வெளுத்து மங்கும். மெருகும் நாளாக ஆகப் போய்விடும். அழகுக்கு இல்லாவிட்டாலும் உழைப்புக்கு நல்ல கல். பாத்திரம் வைக்கிற அலமாரித் தட்டுகளுக்கு இன்றைக்கும் இதையே போடலாம்.

மார்பிள்: சிலிகா ரொம்பக் குறைவு, உண்மை. ஆனால், நம் சமையலுக்கு ஒத்துவராது. புளித்தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தாலே தடம். பூஜை அறைக்குப் போடுங்கள், அடுப்படிக்கு வேண்டாம்.

டைல்ஸ், போர்சலின் பலகை: கறை பிடிக்காது, சூடு தாங்கும். சின்ன டைல்ஸ் போட்டால் நடுவிலுள்ள இணைப்புக் கோடுகள்தான் தலைவலி. அழுக்கும் பூஞ்சையும் அங்கேதான் சேரும். பெரிய பலகையாகப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால், ஓரத்தில் கனமான பாத்திரம் மோதினால் செதில் பெயரும். அறுக்கும்போது இதிலும் சிலிகா தூசி வரும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: ஹோட்டல், மெஸ் சமையலறைகளில் பார்த்திருப்பீர்கள். கல் தூசி என்ற பேச்சே இல்லை. சுத்தம் செய்வது சுலபம், எதையும் உறிஞ்சாது. கீறல் விழும், பாத்திரம் வைத்தால் சத்தம் கேட்கும் என்பதுதான் குறை. அடியில் பலகை கொடுத்தால் சத்தம் குறையும். 304 கிரேடு கேளுங்கள். "காந்தம் ஒட்டலை பாருங்க, அப்ப 304-தான்" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். அதைவிட மட்டமான 200 வரிசை ஸ்டீலிலும் காந்தம் சரியாக ஒட்டாது. பில்லில் கிரேடை எழுதி வாங்குவதே புத்திசாலித்தனம்.

ஆக்ரிலிக் மேடை: 'சாலிட் சர்ஃபேஸ்' என்று விற்கிறார்கள். அலுமினியம் சார்ந்த ஒரு தாதுப்பொடியையும் ஆக்ரிலிக் பிசினையும் கலந்து செய்வது; குவார்ட்ஸ் கலப்பதில்லை. இணைப்பே தெரியாமல் ஒட்டலாம், கீறலைத் தேய்த்துச் சரிசெய்யலாம். ஆனால், சூடு தாங்காது. அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை அப்படியே வைத்தால் தடம் விழுந்துவிடும். பிரிமனை வைக்கிற பழக்கம் உள்ள வீட்டுக்குச் சரிப்படும்.

மரம்: தேக்குப் பலகை மேடை அழகுதான். சிங்க் பக்கம் மட்டும் வேண்டாம். ஈரம் பட்டுப் பட்டு உப்பும், பூஞ்சை பிடிக்கும். காய் நறுக்க ஒரு தனிப்பலகையாக வைத்துக்கொண்டால் போதும்.

"கிரானைட்டில் ரேடியேஷன் வருதாமே?" என்று சிலர் கேட்பார்கள். எந்தப் பாறையிலும் கதிர்வீச்சுப் பொருள் துளியாவது இருக்கும். சமையல் மேடைக் கல்லிலிருந்து வருவது பொதுவாக மிகமிகச் சொற்பம். ஜன்னல் திறந்து காற்றோட்டமாக இருக்கிற அடுப்படிக்கு இது ஒரு கவலையே இல்லை.

எந்தக் கல்லானாலும்... இதை மறக்காதீர்கள்!

'குவார்ட்ஸ் வேண்டாம், கிரானைட் எடுத்துட்டோம்' என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. கிரானைட்டிலும் சிலிகா உண்டு. உலர்வாக அறுத்தால் அந்தத் தூசியும் நெஞ்சுக்குக் கேடுதான். கல்லைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை. அதை எப்படி அறுக்கிறார்கள் என்று பார்ப்பது மீதி வேலை.

* அளவு துல்லியமாக எடுத்துக் கொடுத்து, சிங்க் ஓட்டை, அடுப்பு ஓட்டை, முனை மழுக்குவது எல்லாவற்றையும் கடையிலேயே, தண்ணீர் பாய்கிற மெஷினில் முடித்துத் தரச் சொல்லுங்கள். விலை பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள்.

* வீட்டுக்குள் வைத்து உலர்வாக அறுக்க விடாதீர்கள். கட்டி முடியாத வீடு என்றாலும் கொத்தனார், சித்தாள், பெயின்டர் என்று எத்தனை பேர் அதே காற்றை மூச்சு வாங்குகிறார்கள்!

* சாதாரணக் கட்டிங் மெஷின் மேல் மக்கில் தண்ணீர் ஊற்றச் சொல்லாதீர்கள். ஷாக் அடிக்கும். தண்ணீர் இணைப்போடு வருகிற மெஷினும், மின்கசிவு வந்தால் உடனே கட் ஆகிற பிரேக்கரும் இருக்க வேண்டும்.

* வாயில் கட்டுகிற துண்டு, கைக்குட்டை எதுவும் அந்த நுண்ணிய தூசியைத் தடுக்காது. குறைந்தபட்சம் முகத்தோடு ஒட்டிப் பொருந்துகிற என்95 மாஸ்க் வேண்டும். கொரோனா காலத்தில் நாம் போட்டுப் பழகியதுதான். அதுவும் தண்ணீர் விட்டு அறுப்பதோடு சேர்த்துத்தான். அதற்குப் பதிலாக அல்ல.

* கல் வேலை முடிந்த இடத்தை விளக்குமாற்றால் கூட்டாதீர்கள். படிந்த தூசி மறுபடி பறக்கும். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

மேடையின் உயரம்... முதுகின் ஆயுள்!

கல்லைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு உயரத்தைக் கொத்தனார் கையில் விட்டுவிட்டால், இடுப்பு வலிதான் மிச்சம். சமைக்கிறவர் நேராக நின்று முழங்கையை மடக்கட்டும். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதிலிருந்து 4 முதல் 6 அங்குலம் கழியுங்கள். அதுதான் உங்கள் மேடையின் உயரம். ஐந்தேகால் அடி உயரமுள்ள பெண்மணிக்கு சுமார் 33 அங்குலம் வரும். மாமியார் குட்டை, மருமகள் நெட்டை என்றால்... யார் அதிக நேரம் நிற்கிறார்களோ அவர் அளவுக்கு வையுங்கள். குட்டையானவருக்கு ஒரு மணைப்பலகை போட்டுக்கொள்ளலாம்.

சந்தகை பிழிகிற வீடென்றால் இன்னொன்றும் கவனியுங்கள். சந்தகை மிஷினை வைத்து அழுத்தும்போது கல்லுக்கு அடியில் தாங்கல் இல்லாவிட்டால் விரிசல் விடும். சிங்க்குக்கு முன்னாலுள்ள ஒல்லியான பகுதிதான் முதலில் உடைகிற இடம். அடியில் கான்க்ரீட் தளமோ கடப்பாப் பலகையோ கொடுக்கச் சொல்லுங்கள். முன் ஓரத்தின் அடிப்பக்கம் ஒரு மெல்லிய காடி வெட்டச் சொன்னால், தண்ணீர் அலமாரிக் கதவில் வழியாமல் கீழே சொட்டிவிடும்.

தினசரி சுத்தம்

மிருதுவான சோப்புத் தண்ணீரும் ஒரு பருத்தித் துணியும் போதும். பாத்ரூமுக்கு ஊற்றுகிற ஆசிட்டை எந்தக் கல்லின் மேலும் ஊற்றாதீர்கள். மஞ்சள், எண்ணெய் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள்.

பல்லடம் என்றாலே பிராய்லர் கோழிக்குப் பேர்போன ஊர். ஞாயிற்றுக்கிழமை கோழி எடுக்காத வீடு அபூர்வம். பச்சைக் கறியை நேராக மேடையில் போட்டு நறுக்காமல் தனிப்பலகையில் நறுக்குங்கள். முடிந்ததும் பலகை, கத்தி, மேடை மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதே இடத்தில் வெங்காயப் பச்சடிக்கு நறுக்கினால் கிருமி வயிற்றுக்குள் போகும். மேடை எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் பிரயோஜனமில்லை.

அக்கா என்ன எடுத்தாள்?

அந்த வெள்ளைக் கல்லை இன்னொரு முறை தடவிப் பார்த்துவிட்டு, "கறுப்பு கிரானைட்டே காட்டுங்க" என்றாள். சாயம் ஒட்டுகிறதா என்று துணியில் தேய்த்தும் பார்த்துவிட்டாள். பிறகு கடைக்காரரைக் கேட்டாள்: "தண்ணி விட்டு அறுக்கற மெஷின் உங்ககிட்ட இல்லீங்களா?"

"இருக்குதுங்க்கா. அவசரத்துக்கு இப்படி அறுத்துக்கறதுங்க."

"எங்குளுக்கு அவசரமில்லீங்க. எங்க கல்லைத் தண்ணி விட்டே அறுத்துக் குடுங்க. ரெண்டு நாள் சேர்த்து ஆகட்டும்."

கடைக்காரர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "எல்லாரும் வந்தா, நாளைக்கே வேணும், விலையைக் குறைன்னுதானுங்க கேப்பாங்க. எப்படி அறுக்கறோம்னு யாரும் கேட்டதில்லீங்க" என்றார். சொன்னபடி இரண்டு நாள் கழித்துக் கல் வந்தது. வைத்துப் பார்த்தால், சுவர் ஓரத்தில் அரை அங்குலம் இடித்தது! கல் பதிக்க வந்தது அதே பையன். பையிலிருந்து கட்டிங் மெஷினை எடுத்து, "ரெண்டு நிமிஷ வேலைங்க்கா. இங்கயே அறுத்துர்றேன்" என்றான்.

"வேண்டாம் தம்பி. திருப்பி எடுத்துட்டுப் போய்க் கடையிலயே அறுத்துக் கொண்டா. வண்டி வாடகை நான் குடுக்கறேன்."

"ரெண்டு நிமிஷத்துல ஒண்ணும் ஆயிராதுங்க்கா."

"உனக்கு ஒரு நாளைக்கு எத்தனை வீடு?" என்றாள் அக்கா.

அவன் பதில் சொல்லவில்லை. மெஷினைப் பைக்குள் வைத்துவிட்டுக் கல்லை வண்டியில் ஏற்றினான்.

ஒரு நாள் தாமதம், ஒரு வண்டி வாடகை. அவ்வளவுதான் செலவு. இன்றைக்கு அந்தக் கறுப்பு மேடையில் அக்கா சந்தகை பிழிகிறாள். உள்ளறையிலிருந்து மாமனார் இருமுகிற சத்தம் இப்போதும் கேட்கிறது. அதை நம்மால் மாற்ற முடியாது. ஆனால், அந்தப் பையனுக்கு இன்னும் இருமல் வரவில்லை. வராமல் பார்த்துக்கொள்வதில் கல் வாங்குகிற நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

அடுத்த முறை கல் கடைக்குப் போகும்போது விலையைக் கேளுங்கள், கலரைப் பாருங்கள். கூடவே, "எப்படிங்க அறுப்பீங்க?" என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.